அரை மாத்திரை

நால்வரில் நான் நடுக்குரல்.
டார்ஸி கூரைக்கு மேலே போவான்.
பர்ல் சாட்டர்ஃபீல்ட் கிணற்றுக்குள்ளிருந்து உறுமுவான்.
பாட்டைப் பாடுவது லான்ஸோ.
நான் இடுக்குகளை அடைப்பேன்.
சுவரைப் புகழ்பவர்கள் உண்டு.
இரண்டு செங்கல்லுக்கு நடுவே பூசியதை
யார் முணுமுணுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள்?

எண்பத்தொன்று, பிப்ரவரி, நாஷ்வில்.
முன்பு பல் வைத்தியர் இருந்த கட்டடம்.
ஒலிப்பதிவு அறையில் அப்போதும் கிராம்பு எண்ணெய் வாடை.
சுவரெங்கும் முட்டை அட்டை.
அடைக்கக் காசில்லாமல் விட்டுவைத்த
ஒரே ஒரு ஜன்னல்.

மூன்றாம் சரணத்தின் முடிவில்
'வீடு' என்ற சொல்லில்
நால்வரும் ஒன்றாக இறங்க வேண்டும்.
மூச்சை இழுத்துவிட்டுத் தற்செயலாக வெளியே பார்த்தேன்.
என் பச்சை பிக்-அப்
பிஸ்கட்டுக்கு ஏங்கும் நாய்போலப்
பின்னங்காலில் நின்றுகொண்டிருந்தது.
முன்னால் கொக்கி, சங்கிலி,
நீலத் தொப்பி போட்ட ஒருவன்
கையைத் தொடையில் துடைத்துக்கொண்டிருந்தான்.
மூன்று தவணை பாக்கி.

மற்ற மூவரும் வீடு போய்விட்டார்கள்.
நான் அரை மாத்திரை கழித்துப் போய்ச் சேர்ந்தேன்.

"இன்னொரு தடவை பாடிடறேன்" என்றேன்.
கண்ணாடிக்கு அந்தப்புறமிருந்து ஹாய்ட் சொன்னான்:
"பன்னிரண்டு அடிச்சா வாடகை இரட்டிப்பு.
விடு. நடுக்குரலை யார் கேக்கப்போறாங்க?"

அன்று ஆறு மைல் நடந்தேன்.
மழை வேறு.

'கவுண்டி எல்லை' ஜூனில் வந்தது.
அக்டோபருக்குள் பத்து லட்சம்.
பத்து லட்சம் தட்டுகளில்,
சமையலறைகளில், சரக்கு லாரிகளில்,
டல்சாவில் ஒரு முடிதிருத்தும் கடையில்,
ஒரே இடத்தில், ஒரே அளவு
நான் தாமதமாக வந்துகொண்டிருந்தேன்.

கடிதங்கள் வரத் தொடங்கின.
அந்த இடத்தில் யாரை நினைத்தீர்கள்?
ஆர்கன்சாவில் ஒரு பாதிரியார்
அந்தத் தயக்கத்தைப் பற்றியே
ஞாயிறு முழுக்கப் பிரசங்கம் செய்தாராம்.
தாயைப் புதைத்த வாரத்தில் பாடியது என்று
ஒரு பத்திரிகை எழுதியது.
அதை என் அம்மாவே தொலைபேசியில் படித்துக் காட்டினாள்,
சிரிப்பில் இருமல் வந்து
பாதியில் நிறுத்தினாள்.

விச்சிட்டாவில் ஒருநாள் சரியாகப் பாடினேன்.
முன்வரிசையில் ஒரு பெண்
இல்லாத படியில் கால் வைத்தவள்போல நிமிர்ந்தாள்.
மேடைக்குப் பின்னால் லான்ஸோ கேட்டான்,
"ஏண்டா தப்பாப் பாடினே?"
அதற்குப் பிறகு எண்ணித்தான் பாடுகிறேன்.
தவறைத் தவறாமல் செய்வது
வருஷத்துக்கு இருநூறு இரவு வேலை.

எண்பத்தேழில் ஒரு கவுண்டி சந்தை.
வறுத்த மாவு வாசனை, பன்றிப் பந்தய ஒலிபெருக்கி.
கையெழுத்து வரிசையில்
நைந்த அட்டையோடு ஒருவன் வந்து நின்றான்.
முகம் நினைவில்லை.
கையைத் தொடையில் துடைத்தானே, அதுதான்.
தொப்பி நீலம்,
கம்பெனிப் பெயர் பாதி வெளுத்திருந்தது.

"கெய்லன் க்ரவுச்.
மனைவி பேரும் போடுங்க, ஓனா.
நீங்க கொஞ்சம் லேட்டா வர்ற இடம் இருக்கில்ல,
அங்க வந்தா அவ வண்டியை ஓரம்கட்டிடுவா."

"என்ன வேலை பாக்கிறீங்க?"

"வண்டி இழுத்தேன், இருபது வருஷம்.
இப்ப முழங்கால் போயிடுச்சு."

சொல்ல வாய் வந்தது.
அவனுக்குப் பின்னால் இருநூறு பேர்.
பேனாவில் மை கசிந்தது.
கெய்லனுக்கும் ஓனாவுக்கும் என்று எழுதி, கீழே,
'இந்த ஆல்பத்தில் உங்கள் பங்குக்கு நன்றி,
வெர்னல் ஸ்ட்ரவுட்'.

இரண்டு முறை படித்தான்.
"நாங்க காசு குடுத்து வாங்கத்தானே செஞ்சோம்" என்றான்,
வெட்கப்பட்டு.

காட்சி முடிந்து வெளியே வந்ததும்
வண்டி நிறுத்தும் பக்கம் கண் போனது.
என் பேரில் ஒரு சென்ட் பாக்கி இல்லை.
இருந்தாலும் எண்ணிப் பார்த்தேன்.
நான்கு சக்கரமும் தரையில்தான்.